நண்டு உண்டு, விலை இல்லை: நியூஃபவுண்ட்லாந்து மீன் ஆலைகளின் கணக்கு

2023 ஏப்ரலில், கனடாவின் கிழக்கு ஓரத்தில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவில் பனி நண்டுப் பருவம் தொடங்கியது. அந்த ஆண்டு பிடிக்கலாம் என்று அரசு அனுமதித்த அளவு 54,000 டன்னுக்கும் மேல். முந்தைய ஆண்டைவிடக் கூடுதல். கடலில் நண்டு இருந்தது. படகுகளுக்கு உரிமம் இருந்தது. ஆலைகளில் கொதிகலன்கள் தயாராக இருந்தன. ஆனால் ஏறக்குறைய ஆறு வாரம் படகுகள் கரையிலேயே கட்டிக் கிடந்தன. 2022 பருவத் தொடக்கத்தில் ஒரு பவுண்டு நண்டுக்குப் படகுக்காரருக்கு நிர்ணயித்த விலை 7.60 கனேடிய டாலர். 2023ல் அது 2.20. அந்த விலைக்கு டீசல் போட்டுக் கடலுக்குப் போக முடியாது என்றார்கள் மீனவர்கள். அதற்கு மேல் கொடுத்தால் ஆலையை மூட வேண்டியதுதான் என்றார்கள் ஆலைக்காரர்கள். இரு தரப்பு சொன்னதும் பொய்யில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே காலத்தில் கண்டத்தின் மறுகோடியில், அலாஸ்காவின் பெரிங் கடலில், பனி நண்டு பிடிக்கவே தடை. 2018க்கும் 2021க்கும் இடையில் அங்கே 1,000 கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் காணாமல் போயிருந்தன. கடல் வெப்பமடைந்ததில் இரை போதாமல் பட்டினியால் செத்திருக்க வேண்டும் என்று பின்னர் ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2022 அக்டோபரில் அலாஸ்கா அந்த நண்டுப் பருவத்தை வரலாற்றில் முதல் முறையாக ரத்து செய்தது. அந்த ஆண்டு மார்ச்சிலேயே, உக்ரைன் போரைக் காரணம் காட்டி, ரஷ்யக் கடலுணவு இறக்குமதியை அமெரிக்கா தடை செய்திருந்தது. அதாவது, அமெரிக்கத் தட்டுக்கு நண்டு வரும் மூன்று பெரிய வழிகளில் ஒன்று வற்றிவிட்டது, இன்னொன்று அடைபட்டுவிட்டது. பாடப்புத்தகக் கணக்குப்படி மூன்றாவது வழிக்காரனுக்கு யோகம் அடித்திருக்க வேண்டும். விலையோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது.

மீன் குறைந்தால் விலை ஏறும், விலை ஏறினால் ஆலை பிழைத்துக்கொள்ளும் என்பது மீன்வள நிர்வாகத்தில் பலர் பேசாமலே நம்புகிற ஒரு சூத்திரம். பிடிப்பைக் குறைக்கும் அறிவிப்புகளின் பின்னால் இந்த ஆறுதல் எப்போதும் நிற்கும். நியூஃபவுண்ட்லாந்தின் கதை அந்தச் சூத்திரத்தைத் திரும்பத் திரும்ப உடைத்துக் காட்டுகிறது. ஒதுக்கீடு ஒரு அலுவலகத்தில் தீர்மானிக்கப்படுகிறது. விலை வேறொரு நாட்டுப் பல்பொருள் அங்காடியில். இவை இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. நடுவில் நிற்கிற ஆலையைத்தான் இரண்டும் வந்து இடிக்கின்றன.

நம் கடற்கரை வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் நமக்குப் பழக்கமானது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம். எப்போது பிடிக்கக் கூடாது என்பதை அது சொல்கிறது. எவ்வளவு பிடிக்கலாம் என்பதைச் சொல்வதில்லை. கனடா, ஐஸ்லாந்து, அலாஸ்கா போன்ற இடங்களில் ஒவ்வொரு இனத்துக்கும், ஒவ்வொரு கடற்பகுதிக்கும் ஆண்டுக்கு இத்தனை டன் என்று உச்சவரம்பு வைத்து, அதைப் படகுகளுக்கோ கம்பெனிகளுக்கோ பங்கு பிரிக்கிறார்கள். அந்தப் பங்குதான் கோட்டா, அதாவது ஒதுக்கீடு.

7.60 எப்படி 2.20 ஆனது? பெருந்தொற்றுக் காலத்தில் உணவகங்கள் மூடிக் கிடந்தன. கையில் பணம் இருந்த அமெரிக்கக் குடும்பங்கள் நண்டுக் கால்களை வாங்கி வீட்டிலேயே சமைக்கத் தொடங்கின. விலை ஏறிக்கொண்டே போனது. ரஷ்யத் தடை வந்ததும் இனி சரக்கே கிடைக்காது என்று பயந்த வியாபாரிகள் உச்ச விலையில் வாங்கிக் குளிர்கிடங்குகளில் அடுக்கினார்கள். பிறகு பணவீக்கம் வந்தது. அரிசி, முட்டை, பெட்ரோல் விலை ஏறும்போது குடும்பம் முதலில் வெட்டுவது நண்டைத்தான். நண்டு இல்லாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை. கிடங்கில் சரக்கு தேங்கியது, விலை சரிந்தது, வியாபாரிகள் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அடுத்த பருவம் வந்தபோது வாங்க ஆளில்லை. பெரிங் கடலின் பஞ்சம் அந்தச் சரிவைத் தடுக்கவில்லை.

இங்கே ஆலையின் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நண்டு உயிரோடு ஆலைக்கு வர வேண்டும். செத்த நண்டு கழிவு. ஓட்டைப் பிரித்து, கால்களும் தோளும் சேர்ந்த இரண்டு பாதிகளாக உடைத்து, வேகவைத்து, குளிர்ந்த உப்புநீரில் உறையவைத்து, எடைவாரியாகப் பெட்டியில் அடைக்கிறார்கள். உயிர் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் விற்பனைச் சரக்காகத் தேறும். அப்படியானால் 7.60 டாலருக்கு வாங்கிய நண்டில், ஒரு பவுண்டு சரக்கின் மூலப்பொருள் செலவு மட்டுமே 12 டாலரை நெருங்குகிறது. கூலி, மின்சாரம், பெட்டி, வட்டி எல்லாம் அதற்கு மேல். படகுக்காரருக்குப் பணம் உடனே கொடுத்தாக வேண்டும். சரக்கு விற்றுப் பணம் வர மாதங்கள் ஆகும். விலை ஏறுகிற ஆண்டில் அந்த மாதங்கள் ஆலைக்கு லாபம் தரும். இறங்குகிற ஆண்டில் கிடங்கில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் நஷ்டம். விற்பனை அமெரிக்க டாலரில், செலவு கனேடிய டாலரில் என்பதால் செலாவணி விகிதமும் சேர்ந்து ஆடும். ஆலைக்காரர் மீன் வியாபாரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவர் செய்வதில் பாதி விலைச் சூதாட்டம்; விரும்பி ஆடுகிறார் என்று சொல்ல முடியாது.

மீனவருக்குத் தரும் விலையையும் அவர் தனியே தீர்மானிப்பதில்லை. நியூஃபவுண்ட்லாந்து அடங்கிய மாகாணத்தில் மீனவர் சங்கமும் ஆலை முதலாளிகள் சங்கமும் பேரம் பேசி உடன்படவில்லை என்றால், விவகாரம் விலை நிர்ணயக் குழுவிடம் போகிறது. இரு தரப்பும் ஆளுக்கொரு விலையை எழுதிக் கொடுக்க வேண்டும். குழு அந்த இரண்டில் ஒன்றை அப்படியே ஏற்க வேண்டும். நடுவில் ஒரு விலையைச் சொல்ல அதற்கு அதிகாரமில்லை. இரு தரப்பும் நியாயத்துக்கு நெருங்கி வரட்டும் என்பது இந்த ஏற்பாட்டின் நோக்கம். சாதாரண ஆண்டுகளில் அது நடக்கவும் செய்தது. சந்தையே தலைகீழான ஆண்டில் ஒரு தரப்பு முழுதாக ஜெயித்து மறு தரப்பு முழுதாகத் தோற்றது. 2023ல் குழு எடுத்தது ஆலைகள் சொன்ன விலை. தோற்றவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் படகைக் கட்டிப்போடுவது.

அந்த ஆறு வாரத்தில் பேச்சுவார்த்தை மேசையில் இடமில்லாத ஒரு கூட்டம் காத்துக் கிடந்தது: ஆலைத் தொழிலாளர்கள். பெண்கள் ஏராளம். நியூஃபவுண்ட்லாந்தின் கடலோர ஊர்களில் ஆலை வேலை ஆண்டு முழுக்கக் கிடைப்பதில்லை. பருவத்தில் சம்பாதித்து, மீதி மாதங்களை வேலைக் காப்பீட்டுத் தொகையில் ஓட்டுகிறார்கள். அந்தத் தொகைக்குத் தகுதி பெறக் குறைந்தபட்சம் இத்தனை மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும்; வேலையின்மை மிக அதிகமான பகுதிகளில் அது 420 மணி. ஆறு வாரம் போனால் அந்த மணிக்கணக்கு ஆட்டம் காண்கிறது. நண்டின் விலை 2.20 ஆனாலும் 7.60 ஆனாலும் இவர்களது மணிக்கூலி பெரிதாக மாறாது. இவர்களுக்கு வேண்டியது மணிகள். மே மாதம் ஓர் உடன்பாடு வந்து படகுகள் கிளம்பியபோது, குறுகிய பருவத்தில் எல்லா நண்டும் ஒரே சமயத்தில் கரைக்கு வந்தது. கோடை ஏற ஏற நண்டு ஓட்டைக் கழற்றும்; ஓடு மெத்தென்று இருக்கும் நண்டைப் பிடிக்கக் கூடாது. எனவே காலம் நீளவும் வழியில்லை.

ஒரே சமயத்தில் எல்லாம் வந்து குவிவது அந்தத் தீவுக்குப் புதிதல்ல. காட் மீன் காலத்திலிருந்தே அதுதான் அதன் வியாதி. கோடையில் காட் மீன் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் வரும். பொறி வலைகளில் மலைபோல விழும். ஆலைகள் இரவும் பகலும் ஓடும். அந்த வேகத்தில் எலும்பு எடுத்து அழகான துண்டு போட நேரமேது? சதையை அழுத்திப் பாளம் பாளமாக உறையவைத்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். 1953 முதல் அமெரிக்காவில் பரவிய மீன் குச்சி வறுவலுக்கு அந்தப் பாளமே கச்சாப்பொருள். பெயரில்லாத, முகமில்லாத சரக்கு. எந்த நாட்டுக் காட் மீன் என்று குச்சியைக் கடிப்பவருக்குத் தெரியாது. காட் மீன்தானா என்பதும் தெரியாது.

1968ல் அந்தக் கடலின் காட் கூட்டமான ‘வடக்குக் காட்’ மீனின் பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தொட்டது. பெரும்பகுதி அயல்நாட்டு இழுவைக் கப்பல்கள் வாரியது. 1977ல் கனடா 200 கடல் மைல் எல்லையை அறிவித்ததும், இனி எல்லாம் நமக்கே என்ற உற்சாகத்தில் ஆலைகள் பெருகின. கடன் வாங்கிக் கட்டினார்கள். 1980களின் தொடக்கத்தில் வட்டி விகிதம் எகிறியபோது பெரிய கம்பெனிகள் திவாலின் விளிம்புக்கு வந்தன. கடலில் மீன் நிறைய இருப்பதாக எல்லோரும் நம்பிய காலத்திலேயே இந்த நெருக்கடி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அரசு தலையிட்டு, நொடித்த கம்பெனிகளை ஒன்றாக்கி 1984ல் ஃபிஷரி புராடக்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற பெருநிறுவனத்தை எழுப்பியது.

அப்புறம் ஆலைகளுக்குத் தீனி போட்டாக வேண்டும். 1988ல் வடக்குக் காட் ஒதுக்கீடு 2,66,000 டன். முன்பு மீன் இருப்பை மிகையாகக் கணித்துவிட்டோம் என்று உணர்ந்த அறிவியலாளர்கள் 1989க்கு 1,25,000 டன் போதும் என்றார்கள். அரசு 2,35,000 என்று வைத்தது. பாதியாகக் குறைத்தால் எத்தனை ஆலை மூடும், எத்தனை ஊர் காலியாகும் என்ற கணக்கு அந்த எண்ணுக்குள் ஒளிந்திருந்தது. ஒதுக்கீடு ஆலையைத் தீர்மானிக்கிறது என்று சொல்வது பாதி உண்மை. கட்டிவிட்ட ஆலையும் ஒதுக்கீட்டைத் தீர்மானிக்கிறது.

இருந்தும் மூடல் வந்தது. 1990 ஜனவரியில், ஒதுக்கீடு குறைந்ததைக் காரணம் காட்டி, அந்தப் பெருநிறுவனம் ட்ரெபாஸி உள்ளிட்ட ஊர்களின் ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது. ட்ரெபாஸி தீவின் தென்முனையில் உள்ள ஊர். தமிழர்களுக்கு அந்தக் கடல் முற்றிலும் அந்நியமல்ல: 1986 ஆகஸ்டில், நடுக்கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் இறக்கிவிடப்பட்டுத் தத்தளித்த 155 ஈழத்தமிழ் அகதிகளை மீன்பிடிப் படகுக்காரர்கள் காப்பாற்றியது அதே தென்கரைக்கு அப்பால், செயின்ட் ஷாட்ஸ் அருகே. அந்த மீட்பு நடந்து ஆறு ஆண்டுகளுக்குள் அந்தக் கரையின் காட் மீன்பிடிப்பே நின்றுபோனது.

1992 ஜூலை 2ஆம் தேதி, மத்திய மீன்வளத்துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி செயின்ட் ஜான்ஸ் நகர விடுதியொன்றில் வடக்குக் காட் மீன்பிடிப்புக்குத் தடையை அறிவித்தார். வெளியே நின்ற மீனவர்கள் கதவை இடித்துத் திறக்க முயன்றார்கள். ஏறக்குறைய 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். தொடக்கத்தில் அறிவித்த உதவித்தொகை வாரம் 225 டாலர்.

காட் மீன் இல்லாமல் போனதும் பாளத்தின் விலை வானத்துக்கு ஏறியதா? இல்லை. அலாஸ்காவின் பொல்லாக் மீன் பாளம் அந்த இடத்தை நிரப்பியது. குச்சி வறுவல் தின்னும் குழந்தைக்கு வித்தியாசம் தெரியவில்லை. பெயரில்லாத சரக்கை விற்றவர்களுக்குக் கிடைத்த தண்டனை இது என்று நான் நினைக்கிறேன். தரத்தாலோ ஊர்ப்பெயராலோ தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளாத மீன், கடலில் அருகிப்போனாலும் சந்தையில் அருமையாவதில்லை.

பிறகு நண்டும் இறாலும் வந்தன. காட் மீன் தின்று குறைத்துக்கொண்டிருந்த இந்த இரண்டும், காட் போனதும் பெருகின. 1990களின் முடிவுக்குள் கரைக்கு வந்த மீனின் மொத்த மதிப்பு, தடைக்கு முந்தைய அளவைத் தாண்டியது. அரசு அறிக்கைகள் இதைப் பெருமையாகச் சொல்லும். ஆனால் காட் மீனைத் துண்டு போட எத்தனை கைகள் வேண்டுமோ அத்தனை கைகள் நண்டை வேகவைக்க வேண்டாம். பணம் திரும்பியது, ஆலை வேலை அதே அளவில் திரும்பவில்லை. இறாலும் நிலைக்கவில்லை. இறால் பிடிப்புக்காகப் பிரித்த கடற்பகுதிகளில் முக்கியமான ஆறாம் பகுதியில் 2008 வாக்கில் 85,000 டன்னுக்கு மேல் இருந்த ஒதுக்கீடு, பத்தாண்டில் 9,000 டன்னுக்கும் கீழே வந்தது. இறால் உரிக்கும் இயந்திரங்களில் போட்ட முதல் பல ஊர்களில் துருவேறியது.

ஐஸ்லாந்தின் கதை வேறு மாதிரி. அங்கே 1984ல் படகுவாரி ஒதுக்கீடு வந்தது. 1990களின் தொடக்கத்திலிருந்து அதை விற்கலாம், வாங்கலாம். மீன் பிடிக்கும் கம்பெனியே ஆலையையும் வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இத்தனை டன் என் கையில் நிச்சயம் என்று தெரிந்த பிறகு, அவசரப்பட்டு அள்ள வேண்டியதில்லை. ஐரோப்பியக் கடைக்கு எந்த வாரம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, அதற்கேற்பக் கப்பலை அனுப்பலாம். 2007ல் அந்நாட்டு அரசு காட் ஒதுக்கீட்டை 1,93,000 டன்னிலிருந்து 1,30,000 டன்னுக்குக் குறைத்தது. நியூஃபவுண்ட்லாந்தில் அரசுகள் துணியாததைச் செய்தார்கள். ஆலைகள் ஒவ்வொரு மீனிலிருந்தும் கூடுதலாகக் காசு பார்க்கப் பழகின. முதுகுத்துண்டு உறையவைக்காமல் விமானத்தில் போனது. தலையும் முள்ளும் புவிவெப்பத்தில் காய்ந்து நைஜீரியாவுக்குப் போயின. தோலிலிருந்து புண்ணுக்குப் போடும் மருந்துப் பட்டை செய்த கெரேசிஸ் என்ற நிறுவனத்தை, 2023ல் டென்மார்க்கின் கோலோபிளாஸ்ட் 130 கோடி அமெரிக்க டாலர் வரை மதிப்பிட்டு வாங்கியது.

இதைப் படித்துவிட்டு ஐஸ்லாந்து வழியே வழி என்று கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் வடமேற்கு ஃபியோர்டு ஊர்களுக்கும் போய்ப் பார்க்க வேண்டும். கெரேசிஸ் பிறந்த ஈசாஃபியோர்தர் அங்கேதான் இருக்கிறது. 1997ல் அந்த ஊரின் பெருமையாக இருந்த மஞ்சள் நிறக் கப்பல் பெரிய கம்பெனியொன்றின் கைக்குப் போனது. கப்பல் மஞ்சளாகவே இருக்கும், இங்கிருந்தே தொழில் செய்யும் என்று வாக்குக் கொடுத்தார்கள். சில காலத்தில் கப்பல் போனது. அதோடு ஒதுக்கீடும் போனது. விற்கத்தக்க உரிமை என்றால் அது ஊரை விட்டுப் போகத்தக்க உரிமையும்தான். பிழைத்த ஆலைகள் செழித்தன. எத்தனை ஊர்களில் ஆலை பிழைத்தது என்பது வேறு கேள்வி.

கனடா முன்பே எதிர்த்திசையில் போயிருந்தது. 1970களின் இறுதியிலிருந்து, ஆலைக் கம்பெனிகள் கரையோரப் படகுகளின் மீன்பிடி உரிமத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்கே கொள்கை. உரிமம் படகை ஓட்டுகிறவரிடமே இருக்க வேண்டும். ஊரைக் காக்கும் எண்ணம் நல்லதுதான். அதன் மறுபக்கம், ஆலைக்கு எந்த ஆண்டும் மூலப்பொருள் உறுதியில்லை. கம்பெனிகள் இதற்குக் கண்ட குறுக்குவழி நம்மூர்க் கடற்கரைக்கும் பழக்கமானதே: படகுக்கும் உரிமத்துக்கும் முன்பணம் கொடுத்து, மீனை எனக்கே கொடுக்க வேண்டும் என்று கட்டிப்போடுவது. காகிதத்தில் உரிமம் மீனவர் பெயரில், பிடிமானம் கம்பெனியிடம். இதை ஒழிக்க 2021ல் சட்ட விதிகளையே இறுக்க வேண்டியிருந்தது.

அலாஸ்கா நடுவழி ஒன்றை முயன்றது. 2005ல் பெரிங் கடல் நண்டுக்கு ஒதுக்கீடு பிரித்தபோது, படகுகளுக்கு மட்டுமல்லாமல் ஆலைகளுக்கும் பங்கு கொடுத்தார்கள். படகுக்காரரின் பிடிப்பில் பெரும்பகுதி, 90 சதவீதம், பங்கு வைத்திருக்கும் ஆலைக்கே போக வேண்டும். போட்டி செத்துவிடும் என்று படகுக்காரர்கள் கொதித்தார்கள். முதல் போட்டவனுக்குப் பாதுகாப்பு வேண்டாமா என்று ஆலைகள் கேட்டன. 2022ல் ஒதுக்கீடு பூஜ்யமானபோது இரண்டு வாதமும் அர்த்தமிழந்தன. பூஜ்யத்தில் 90 சதவீதமும் பூஜ்யம்தான். நண்டு வரியை நம்பியே நகராட்சி நடத்திவந்த, பெரிங் கடலின் செயின்ட் பால் தீவு அவசரநிலை அறிவித்தது.

2024 மார்ச்சில் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் வேறு விதமாகக் கிளம்பினார்கள். மாகாண சட்டமன்றக் கட்டடத்தின் வாசலை மறித்தார்கள்; பட்ஜெட் அன்று தாக்கல் ஆகவில்லை. வெளிமாகாண வியாபாரிக்கும் விற்கலாம், உள்ளூர் ஆலைகளின் கொள்ளளவு வரம்பைத் தளர்த்தலாம் என்று அரசு இறங்கி வந்தது. நண்டின் அமெரிக்கச் சந்தை விலையோடு கரை விலையைப் பிணைக்கும் சூத்திரத்துக்கும் இழுபறிக்குப் பிறகு உடன்பட்டார்கள். இனி ஏற்றமும் இறக்கமும் பங்கு போடப்படும். 2023 போல ஒரு தரப்பு மொத்தமாகத் தோற்கும் நிலை இதில் குறையலாம். ஆனால் சூத்திரம் விலையைத்தான் பங்கிடுகிறது. எல்லா நண்டும் ஒரே மாதங்களில் வந்து குவிவதை அது தொடவேயில்லை. என் கணிப்பில் ஆலைகளின் நிரந்தர நோய் அந்தக் குவியல்தான்.

இப்போது காட் மீனே திரும்பி வருகிறது. 2024 ஜூன் 26ஆம் தேதி, 32 ஆண்டுத் தடையை நீக்கி 18,000 டன் பிடிக்க கனடா அனுமதித்தது. மீன் இன்னும் தேறவில்லை என்று எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 2025க்கு அது 38,000 டன். இந்த மீனை எந்த ஆலையில், யாரை வைத்து அறுப்பது? 1992ல் 25 வயதில் கத்தி பிடித்தவருக்கு 2024ல் 57 வயது. இளையவர்கள் மேற்கு மாகாணங்களுக்குப் போய்விட்டார்கள். பல ஆலைகள் வெளிநாட்டுத் தற்காலிகத் தொழிலாளரை நம்பி ஓடுகின்றன. காட் மீனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஆர்னால்ட்ஸ் கோவ் ஆலை விதிவிலக்கு. 2004ல் அதன் பழைய உரிமையாளர் விலகியபோது மாகாண அரசே அந்த ஆலையின் ஒதுக்கீடுகளை வாங்கி, மீன் அந்த ஊரை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து அந்தத் தீவில் ஒதுக்கீட்டை ஊரோடு கட்டிவைத்த அரிதான முயற்சி அது.

அந்த 32 ஆண்டுத் தடையின் பிற்பகுதியில் சிறு அளவில் அனுமதித்த காட் பிடிப்புக்குப் படகு ஒன்றுக்கு வாராந்திர வரம்பு வைத்திருந்தார்கள். அந்த வரம்பைக் குளிரும் மாதங்கள்வரை நீட்டினால் சதை கெட்டியான மீன் வரும். நண்டு முடிந்த பிறகு அதே ஆலையில் அதே தொழிலாளிக்குக் கூடுதல் மணிகள் கிடைக்கும். பாளத்துக்குப் பதில் துண்டாக விற்கலாம். மீனவருக்குக் கோடையில் கரைக்குப் பக்கத்தில் பிடிப்பது எளிது, இலையுதிர் காலப் புயலில் சிறு படகோடு போவது உயிராபத்து. ஆகவே இதற்கு விலையில் ஈடு கேட்பார்கள், கேட்பதும் நியாயம். தோலுரித்துத் துண்டு போடும் நவீன இயந்திரத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிற ஆலைக்காரரிடம் மேலாளர் முதலில் கேட்கப்போவது, அடுத்த ஐந்தாண்டுக்கு எத்தனை டன் வரும் என்று. ஒரே ஆண்டில் 18,000 டன் 38,000 டன்னாக மாறும் கடலில், ஒதுக்கீட்டை ஆண்டுக்கு ஒரு முறை ஜூன் மாதத்தில் அறிவித்துக்கொண்டிருக்கும்வரை, அதற்கு அவரிடம் பதில் இருக்காது.